கற்பிட்டிக் கரையில் இரு கோயில்கள்

புத்தளத்துக்குத் தெற்கே பாலாவியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியில் நுரைச்சோலையைக் கடப்போர் கண்ணில் முதலிற் படுவது அனல்மின் நிலையத்தின் நெடிய புகைபோக்கியே ஆகும். 2011-ஆம் ஆண்டில் மின் வழங்கத் தொடங்கிய அந்நிலையத்தை இன்று நாடே அறியும். ஆயினும், அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே இக்கரை தன் திருக்கோயில்களால் பெயர் பெற்றிருந்தது. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த இந்நிலத்தின் சமய வரலாற்றை இரண்டு கோயில்களைக் கொண்டே நாம் அறிந்துகொள்ளலாம்.

முதலாவது, வீதியின் வடகோடியிலுள்ள கற்பிட்டியில் இருக்கின்றது. போர்த்துக்கேயர் காலத்தில் இயேசு சபைக் குருமார் இங்கே ஒரு சிற்றாலயம் அமைத்திருந்தனர். 1659-இல் ஒல்லாந்தர் கற்பிட்டியைக் கைப்பற்றினர். 1667 முதல் 1676 வரை அங்கே கோட்டை ஒன்றை எழுப்பினர். களப்பின் வாயிலை அடைத்து, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் கடல் வாணிபத்தைத் தம் பிடியில் வைத்திருப்பதே அவர்கள் நோக்கம். பின்னர், 1706-ஆம் ஆண்டில், தமது சீர்திருத்தச் சபைக்கென அவ்வூரிலேயே ஒரு கோயிலையும் கட்டினர். புனித பேதுரு ஆலயம் என வழங்குவது அதுவே.

அக்கோயிலுக்கு ஆட்சியின் அரவணைப்பு இருந்தது. கத்தோலிக்கருக்கோ வழிபடவும் உரிமை இல்லை. குருமாருக்கு அடைக்கலம் அளிப்போர்க்கு மரண தண்டனை என்று 1658-லேயே ஒல்லாந்தர் கட்டளை பிறப்பித்திருந்தனர். இந்நிலையில் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார், 1687-இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். 1690-இல் அவர் புத்தளம் வந்து ஏறக்குறைய ஓராண்டு பணியாற்றினார். புத்தளம் அப்போது கண்டி அரசின் ஆணைக்கு உட்பட்டிருந்தமையால், ஒல்லாந்தரின் சட்டம் அங்கே செல்லவில்லை. குருவின்றித் தவித்த மக்கள் ஒளிவுமறைவின்றி வழிபட அதுவே வாய்ப்பாயிற்று. அவ்வடிகளாரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14-ஆம் நாள் கொழும்பில் புனிதராக அறிவித்தார்.

நாம் காணவேண்டிய இரண்டாவது கோயில், நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் இடையே கடலோரமாக உள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயம். மரியன்னையைப் பெற்ற தாயே அன்னம்மாள். மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்து சென்ற ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர் ஆலமரத்தடியில் துயின்றபோது இவ்வன்னையைக் கனவிற் கண்டார் என்பது ஒரு கதை. கப்பல் உடைந்து கரை சேர்ந்த வணிகர் ஒருவர், தாம் காத்துவந்த சுரூபத்தை அம்மரத்தடியில் வைத்தார் என்பது மற்றொன்று. இவை செவிவழி வந்தவையே. எனினும் இரண்டும் ஓர் ஆலமரத்திலிருந்தே தொடங்குவது கருதத்தக்கது. அரசின் பொருளாலன்றி, வழிப்போக்கரின் பக்தியால் தோன்றிய தலம் இது என்பதை அவை உணர்த்துகின்றன.

1806-இல் ஆங்கிலேய ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கினார். அதன் பின்னரே, 1843-ஆம் ஆண்டளவில், முதிரை மரத் தூண்கள் தாங்கும் இன்றைய பேராலயம் நிறைவெய்தியது. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நடைபெறும் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் குடும்பத்தோடு வந்து தங்குகின்றனர். பிற சமயத்தவரும் நேர்த்திக்கடன் செலுத்தக் காணலாம். நுரைச்சோலையில் மின்நிலையம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, மீனவரின் பிழைப்பையும் இத்தலத்தையும் கருதித் திருச்சபையினர் நெடுங்காலம் எதிர்த்து நின்றதும் இப்பற்றினாலேயே.

கற்பிட்டிக் கோயில் அதிகாரத்தின் துணையோடு எழுந்தது. அவ்வதிகாரம் 1795-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. தலவிலவோ மக்களின் நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டது. அங்கே கூட்டம் இன்றும் குறையவில்லை. விடுமுறையில் அவ்வழி செல்லும் மாணவர்கள் இவ்விரண்டையும் ஒரே நாளிற் பார்த்து வரலாம். சட்டத்தால் ஒரு வழிபாட்டை மறைவிடத்துக்கு விரட்டலாம். மக்கள் மனத்திலிருந்து அகற்ற இயலாது என்பதை இக்கரை அவர்களுக்குத் தெளிவாக எடுத்துரைக்கும்.