புது ஸ்டீரியோ மாட்டியபின் கார் தொல்லை தருகிறதா?

காரில் புது ஸ்டீரியோ மாட்டி இரண்டு நாள்தான் ஆகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. செட்டைக் குறை சொல்லுமுன் ஒயர்களைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதலில் மூன்று ஒயர்கள். செட்டின் மஞ்சள் ஒயருக்கு எந்நேரமும் பேட்டரி கரன்ட் வேண்டும். கடிகாரமும் ஸ்டேஷன்களும் அதனால்தான் நினைவில் நிற்கின்றன. சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும் வர வேண்டும். கறுப்பு எர்த். சாவியை எடுத்ததும் ஸ்டேஷன்கள் அழிந்துபோனால், மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கலாம். இரண்டையும் ஒன்றாக முறுக்கியிருந்தால், வண்டியை நிறுத்திய பிறகும் செட் கரன்ட் இழுக்கும்.

பேட்டரி இறங்குவதை மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்கும். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, 10 ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரை இடையில் இணையுங்கள். அப்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தால் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். அதுவே அரை ஆம்பியர் என்றால், 35 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்று நாளுக்குள் காலி. செட்டின் பியூஸைப் பிடுங்கியதும் அளவு இறங்கினால் குற்றவாளி செட்டின் இணைப்புதான்.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்' என்ற சத்தமும் ஏறுகிறதா? அது ஆல்டர்னேட்டரின் இரைச்சல். எர்த் சரியில்லை என்பதற்கான அடையாளம். தனியாக ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) இருந்தால், அதன் எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய வெற்றுத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். சிக்னல் கேபிளைக் காரின் ஒரு பக்கமும், பவர் கேபிளை மறுபக்கமும் கொண்டுபோங்கள்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போனால், எங்கோ ஒயர் தோலுரிந்து பாடியில் உரசுகிறது. 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போடாதீர்கள். பியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும், டாஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கும். ஆம்ப்புக்குப் போகும் பவர் கேபிளிலும் பேட்டரியை ஒட்டியே, அரை மீட்டருக்குள், ஒரு பியூஸ் கட்டாயம் வேண்டும். பாட்டு நின்றால் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். பியூஸ் உருகி நிற்பது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைக் காக்கத்தான்.