எல்லை தாண்டும் வாகனம்: புறப்படுமுன் அறிந்திருக்க வேண்டியவை

மாத்தளை கடற்கரை இல்லாத மாவட்டம். ஆயினும் கடல் கடந்த பயணத்துக்கும் இம்மண்ணுக்குமான தொடர்பு மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள், காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளையை வந்தடைந்தனர். காலராவுக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் பலர். அவர்கள் நடந்துவந்த திசையிலேதான் இன்று கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரையான ஏ-9 வீதி மாத்தளையைக் கடந்து செல்கின்றது.

1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியது. 1964ஆம் ஆண்டின் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடந்த சேவையும் 1980களில் போர்ச் சூழலால் நின்றுபோயிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, இடைநின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பமானது. ஆனால் அது பயணிகளை ஏற்றும் கப்பலேயன்றி வாகனங்களை ஏற்றும் கப்பலன்று. இரு நாடுகளையும் தரை வழியே இணைப்பது குறித்து ஆராய 2023 ஜூலையில் இரு அரசாங்கங்களும் உடன்பட்டன. எனினும் அப்பாதை இன்னும் எண்ணமாகவே உள்ளது.

எனவே, சொந்த வாகனத்தில் அயல்நாட்டுக்குள் நுழையும் அனுபவம் நம் நாட்டிலிருந்து புறப்படுவோருக்குப் பெரும்பாலும் கிட்டுவதில்லை. ஆனால் மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டை, கலேவெல எனப் பல ஊர்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குச் சென்றுள்ள நம்மவர்க்கு அது புதிதன்று. கட்டாரிலிருந்தும் ஐக்கிய அரபு இராச்சியத்திலிருந்தும் குடும்பத்தோடு உம்ராவுக்காகத் தரை வழியே மக்கா செல்வோர் உளர். நண்பர்களோடு வாகனத்தில் தங்கி ஊர் பார்ப்போரும் உளர். உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள கரவன் வாகனங்களை வாடகைக்குப் பெறும் வழக்கமும் உண்டு. அவர்கள் எல்லைச் சாவடியில் திருப்பியனுப்பப்பட்டால் வீணாவது விடுமுறை மட்டுமன்று. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் அதனோடு போய்விடும்.

வாகனம் பயணியன்று, பண்டம்

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. எல்லையில் மனிதனைக் குடிவரவு அதிகாரி பார்க்கிறார்; வாகனத்தைச் சுங்க அதிகாரி பார்க்கிறார். கடவுச்சீட்டும் விசாவும் மனிதனுக்குரியவை. வாகனமோ சுங்கத்தின் கண்ணில் இறக்குமதிப் பண்டமாகும். அதை உள்ளே கொண்டுசென்று விற்றுவிட்டால் அந்நாட்டுக்கு வரி இழப்பு ஏற்படும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீளத் திறக்கப்பட்டபோது வரிச் சுமையை நேரில் கண்ட நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இவ்வச்சத்தைப் போக்கவே 1954ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவானது. அதன்படி பயன்படும் ‘கார்னே’ என்னும் பிரயாணச் சுங்கப் புத்தகத்தை வாகனத்தின் கடவுச்சீட்டு எனலாம். வாகனச் சங்கம் ஒன்று வைப்புப் பணத்தையோ வங்கி உத்தரவாதத்தையோ பெற்றுக்கொண்டு இதனை வழங்குகின்றது. நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறிய முத்திரை இல்லையேல் வாகனம் அந்நாட்டிலேயே தங்கிவிட்டதாகக் கருதப்பட்டு வரி கோரப்படும். ஆகவே அவசரத்தில் முத்திரை பெறாது எல்லையைத் தாண்டுவது பெருநட்டத்தை வரவழைப்பதாகும். இந்தியா போன்ற நாடுகள் இப்புத்தகத்தைக் கட்டாயமாகக் கேட்கின்றன. வளைகுடா நாடுகளில் பதிவான வாகனம் அண்டை வளைகுடா நாட்டுக்குச் செல்லும்போது பொதுவாகப் பதிவுப் பத்திரமும் எல்லைப் பதிவும் போதுமானவை. ஆனால் தற்காலிகமாக நுழைந்த வாகனம் திரும்பி வெளியேற வேண்டும் என்ற விதி அங்கும் உண்டு. வாகனத்தை அங்கே நிறுத்திவிட்டு விமானமேறித் திரும்பலாம் என எண்ணுவது தவறு.

உரிமையாளர் யார்?

எல்லையில் அதிகம் எழும் கேள்வி இதுவே. நம்மவர் பலர் ஓட்டும் வாகனம் நிறுவனத்தினுடையதாகவோ, வங்கிக் கடனில் வாங்கியதாகவோ, வாடகைக்குப் பெற்றதாகவோ இருக்கும். நிறுவனத்தின் வாகனமெனில் எல்லை தாண்ட அனுமதிக்கும் கடிதம் வேண்டும். கடனில் உள்ளதெனில் வங்கியின் ஆட்சேபமின்மைக் கடிதம் வேண்டும். வாடகைக் கரவனெனில் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல ஒப்பந்தம் இடமளிக்கின்றதா என்பதை முன்பணம் கொடுக்குமுன் வாசித்தறிய வேண்டும். பதிவுப் பத்திரத்திலுள்ள அடிச்சட்ட இலக்கம் வாகனத்திலுள்ள இலக்கத்தோடு ஒத்திருக்கின்றதா என்பதையும் ஒருமுறை சரிபார்ப்பது நன்று.

காப்புறுதி எல்லையோடு முடிந்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. அரபு நாடுகளிடையே ‘செம்மஞ்சள் அட்டை’ எனப்படும் பொதுக் காப்புறுதி ஏற்பாடு உண்டு. அதுவோ, எல்லையில் விற்கப்படும் தற்காலிகக் காப்புறுதியோ இன்றிச் சக்கரம் உருளக் கூடாது. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொறுத்தவரை, சர்வதேச அனுமதிப்பத்திரம் ஒரு துணையாவணமே. நம் நாட்டில் இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் நீண்டகாலமாக வழங்கிவந்துள்ள இப்பத்திரம் ஓராண்டுக்கே செல்லும். மூல அனுமதிப்பத்திரத்தையும் உடன் வைத்திருக்க வேண்டும்.

வதிவிட அனுமதி, கடவுச்சீட்டு ஆகியவற்றின் காலாவதித் திகதிகளைக் குடும்பத்தினர் அனைவருக்கும் தனித்தனியே பார்க்கவேண்டும். ஒருவருடைய ஆவணம் காலங்கடந்திருந்தால் முழுக் குடும்பமும் திரும்ப நேரிடும். எல்லையே மூடப்படுவதும் உண்டு. 2017 ஜூனில் மூடப்பட்ட கட்டார் - சவூதி எல்லை 2021 ஜனவரியிலேயே திறக்கப்பட்டது. ஆதலால் புறப்படும் வாரத்தில் அதிகாரபூர்வ அறிவித்தல்களைப் பார்ப்பது அவசியம்.

சமையற் பெட்டியும் மருந்துப் பெட்டியும்

கரவனில் செல்வோர் சமையற் பொருட்களையும் ஏற்றுவர். இங்கேதான் நம்மவர்க்கு ஓர் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. கசகசா என்றால் இலங்கையில் பலர் கருதுவது பலூடாவில் இடப்படும் கறுப்பு விதையை. அது திருநீற்றுப்பச்சை இனத்தின் விதை. தமிழகத்தில் குருமாவுக்கு அரைக்கப்படும் வெண்ணிறக் கசகசாவோ அபின் செடியின் விதை. இது சவூதியிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் தடைசெய்யப்பட்டுள்ளது. பெயர் ஒன்றாயிருப்பதால் விளக்கமளிக்கும் நிலைக்கு ஆளாவதை விட, இரண்டையுமே தவிர்ப்பது மேல். டிரமடோல், கோடீன், பிரிகபலின் போன்றவை அடங்கிய வலி மருந்துகளும் அங்கு கடுங்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றை உட்கொள்வோர் முன்கூட்டியே விதிகளை அறிந்து, வைத்தியரின் சான்றோடும் தேவையான அனுமதியோடும் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும். பிறர் தரும் பொதியை ஏற்றுக்கொள்வது எக்காரணத்தாலும் தகாது.

எரிவாயுச் சிலிண்டர் கசிவின்றி இறுகப் பொருத்தப்பட்டு, ஓடும்போது மூடியிருக்க வேண்டும். உயரமான வாகனம் பாலைவனக் காற்றில் இலகுவில் அலைக்கழியும். டயர்களின் காற்றழுத்தம், உபரிச் சக்கரம், குடிநீர் ஆகியவற்றில் கவனம் தேவை. இடப்புறம் ஓட்டிப் பழகிய நாம், அங்கு வலப்புறம் ஓட்டுகின்றோம் என்பதை ஒவ்வொரு சுற்றுவட்டத்திலும் நினைவிற்கொள்ள வேண்டும். டோஹாவிலிருந்து மக்கா ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். இரவில் வீதியில் குறுக்கிடும் ஒட்டகங்களும் சாரதியின் தூக்கமும் உயிராபத்தானவை. இருவர் மாறி மாறி ஓட்டுவதும் வழியில் தங்குவதும் அவசியம்.

உம்ராவுக்குச் செல்வோர் நுசுக் செயலியில் அனுமதியை முன்பதிவு செய்து, தாயிப் அருகிலுள்ள கர்னுல் மனாஸில் மீகாத்தைக் கடக்குமுன் இஹ்ராம் அணிய நேரம் ஒதுக்கவேண்டும். துணைச் சாரதியாக முஸ்லிமல்லாத நண்பர் வருவாராயின், மக்காவின் ஹரம் எல்லைக்குள் அவர் நுழைய இயலாது என்பதை முன்பே பேசி, அவர் தங்குமிடத்தை ஒழுங்குசெய்வது நட்புக்கு அழகு.

ஊரிலிருக்கும் குடும்பத்தினர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. பயணம் போகிறேன் என்று தொலைபேசியில் கூறும் மகனிடமோ கணவனிடமோ, வாகனம் யார் பெயரில் உள்ளது, காப்புறுதி எல்லைக்கு அப்பாலும் செல்லுமா, ஆவணங்களின் பிரதிகள் நம்மிடம் உண்டா என்ற மூன்று கேள்விகளைக் கேட்போமாக. அன்று வடக்கு வீதியில் நடந்துவந்தோருக்கு இவ்வாறு கேட்டு வழியனுப்பும் வாய்ப்பு எவருக்கும் இருக்கவில்லை. இன்று அது நமக்கு உண்டு.