உங்களுக்குத் தெரியுமா? கூரையைப் பிடித்து நிறுத்தும் மூன்றாவது ஆணி

● அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், புயல்காற்றைத் தாங்கும்படி கட்டிய வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அது உரிமை. ஆனால் தானாக வந்து சேராது. தகுதி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து, பரணுக்குள் ஏறிப் பார்த்து, படிவம் நிரப்பித் தர வேண்டும். அந்தப் படிவம் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்குள்ளவர்கள் ‘விண்ட் மிட்டிகேஷன்’ என்று சொல்வது இந்தப் பரிசோதனையைத்தான். பாலிசி தரும்போதும் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும், என்னென்ன தள்ளுபடிகள் உண்டு என்று நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். பாலிசிக் கட்டோடு வரும் அந்தத் தாளைத் தேடிப் படிப்பது நல்லது.

● இதற்கெல்லாம் தொடக்கம் ஒரே ஒரு புயல். 1992 ஆகஸ்ட் 24 அன்று ‘ஆண்ட்ரூ’ மயாமிக்குத் தெற்கே, ஹோம்ஸ்டெட் பகுதியில் கரையேறியது. 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. சேதமடைந்தவை இன்னும் ஒரு லட்சம். இழப்பீடு கொடுத்துக் கொடுத்தே பத்துக்கும் மேற்பட்ட இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் திவாலாயின.

இடிபாடுகளைப் பார்க்கப் போன பொறியாளர்களுக்குக் காற்றின் வேகத்தைவிட அதிர்ச்சி தந்தது கட்டுமானத்தின் லட்சணம். கூரைப் பலகைகளை ஆணியால் அடிக்காமல், ஸ்டேப்பிள் பின்களால் குத்தியிருந்தார்கள். பல பின்கள் அடியில் இருக்கும் மரச்சட்டத்தைத் தொடவே இல்லை. ஒரு பலகை பிய்ந்ததும் அடுத்தடுத்த பலகைகள் பறந்தன. உள்ளே மழை இறங்கி வீடே வீணானது. அதே வட்டாரத்தில், ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’ அமைப்பின் தன்னார்வலர்கள் ஏழைக் குடும்பங்களுக்காகக் கட்டிக்கொடுத்த வீடுகள் பெரிய சேதமில்லாமல் நின்றன. விலை குறைந்த வீடு, ஆனால் ஒழுங்காக ஆணி அடித்த வீடு. இந்தப் பாடத்தின் விளைவாக, மாநிலம் முழுமைக்குமான கட்டட விதிகள் 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

● காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவரிலும் கூரையிலும் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும்.

● புயல்காற்று கூரையைக் கீழே அமுக்குவதைவிட மேலே இழுப்பதுதான் அதிகம். ஓரங்களிலும் மூலைகளிலும் இழுவை மிகக் கடுமை. ஒரு ஜன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: மேலிருந்து இழுவை, உள்ளிருந்து தள்ளல். அடைமழைக் காற்றில் குடை புரண்டுகொள்கிறதே, அதே விசைதான். கார் நிறுத்தும் கராஜின் அகலமான கதவு உள்ளே மடங்கியதால் மட்டும் கூரையை இழந்த வீடுகள் உண்டு.

● பரிசோதகர் நிரப்பும் படிவத்தில் கேள்விகள் ஏழு. எந்த ஆண்டின் கட்டட விதிப்படி கட்டியது, மேலே போட்டிருக்கும் ஓடு அல்லது ஷிங்கிள் எந்தத் தரம், கூரைப் பலகையை எந்த ஆணியால் எத்தனை அங்குல இடைவெளியில் அடித்திருக்கிறது, கூரையையும் சுவரையும் எது இணைக்கிறது, கூரையின் வடிவம் என்ன, ஓட்டுக்கு அடியில் இரண்டாவது நீர்த்தடுப்பு இருக்கிறதா, ஜன்னல்களுக்கும் கதவுகளுக்கும் பாதுகாப்பு உண்டா. வாய்ச்சொல் செல்லாது, புகைப்படம் வேண்டும். பலகைக்குள் இறங்கிய ஆணியைக்கூட அளவுகோல் வைத்துப் படமெடுப்பார்கள்.

● இந்த ஏழில் அதிகம் பேச வேண்டியது கூரைக்கும் சுவருக்கும் உள்ள இணைப்பு. பழைய வீடுகளில் கூரைச் சட்டத்தின் காலில் சாய்வாக ஆணி அடித்துச் சுவரோடு சேர்த்திருப்பார்கள். தள்ளுபடிக் கணக்கில் அதற்குக் கடைசி இடம். அதற்கு மேலே வருவது, சட்டத்தின் ஒரு பக்கத்தில் அடிக்கும் உலோக ‘கிளிப்’. அதையும் விட உயர்ந்தது, சட்டத்தின் தலைமேல் ஏறி மறுபக்கம் இறங்கி ஆணியடிக்கப்படும் உலோகப் பட்டை.

இங்கேதான் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. கிளிப் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள, அது கூரைச் சட்டத்தில் குறைந்தது மூன்று ஆணிகளால் இறுகியிருக்க வேண்டும். எத்தனையோ பழைய வீடுகளில் கிளிப் இருக்கும். ஆணி இரண்டுதான் இருக்கும். அப்படிப்பட்ட வீடு கடைசிப் படிக்கே தள்ளப்படும். ஒரு தச்சரோ கூரை ஒப்பந்தக்காரரோ பரணில் ஏறி, ஒவ்வொரு கிளிப்பிலும் மூன்றாவது ஆணியை அடித்துவிட்டால் போதும், கூரையும் பலப்படும், பிரீமியமும் குறையும். இதைவிடச் சிக்கனமான புயல் பாதுகாப்பு எனக்குத் தெரிந்து கிடையாது. எல்லா இணைப்புகளிலும் செய்ய வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. வீட்டிலேயே பலவீனமான இணைப்பு எதுவோ, அதைத்தான் படிவத்தில் எழுதுவார்கள்.

● ஆணியில் அரை அங்குலம்கூட முக்கியம். 2 அங்குல ஆணி அடித்த கூரைப் பலகைக்கும் 2½ அங்குல ஆணி அடித்த பலகைக்கும் தள்ளுபடி வேறு. அதே 2½ அங்குல ஆணியைப் பலகையின் நடுப்பகுதியில் 12 அங்குலத்துக்கு ஒன்றாக அடிக்காமல் 6 அங்குலத்துக்கு ஒன்றாக அடித்திருந்தால் இன்னும் கூடுதல்.

● நாலு பக்கமும் சரிந்து இறங்கும் கூரை காற்றை வழுக்கி விடுகிறது. இரண்டு பக்கம் மட்டும் சரிந்து, மற்ற இரு பக்கம் முக்கோணச் சுவராக நிற்கும் கூரையில் அந்த முக்கோணம் காற்றை நேருக்கு நேர் வாங்குகிறது. முதல் வகைக்கு நல்ல தள்ளுபடி உண்டு, ஆனால் கூரையின் சுற்றளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறு வடிவம் இருக்கக் கூடாது. அழகுக்காகப் பின்னாளில் சேர்க்கும் முகப்பு இந்தக் கணக்கைக் கெடுத்துவிடலாம். வீட்டை நீட்டிக் கட்ட நினைப்பவர்கள் வரைபடம் போடும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

● ஜன்னல் ஷட்டரை எப்படிச் சோதிக்கிறார்கள்? 9 பவுண்டு, அதாவது சுமார் 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையைப் பீரங்கி போன்ற குழாயில் வைத்து, மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் எறிகிறார்கள். அடி வாங்கிய அதே ஷட்டரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை காற்றழுத்தத்தால் தள்ளி இழுக்கிறார்கள். அதற்கும் தாக்குப்பிடித்தால்தான் சான்று. வீட்டில் ஒரே ஒரு கண்ணாடி ஜன்னலை மூடாமல் விட்டாலும் ஜன்னல் தள்ளுபடி கைநழுவும். கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டும் பழக்கத்தால் எந்தப் பயனும் இல்லை.

● 1, 2, 3, 4, 5 என்று சூறாவளிகளுக்குத் தரம் போடும் அளவுகோல், வீடுகளைப் பற்றிய அக்கறையில் பிறந்தது. ஃப்ளோரிடாவின் கோரல் கேபிள்ஸில் பணியாற்றிய கட்டமைப்புப் பொறியாளர் ஹெர்பர்ட் சாஃபிர், குறைந்த செலவு வீடுகளுக்குப் புயலால் வரும் ஆபத்தை ஐ.நா.வுக்காக ஆராய்ந்தபோது 1969-இல் அதை வகுத்தார். தேசியச் சூறாவளி மையத்தின் ராபர்ட் சிம்ப்சன் அதை வளர்த்தெடுத்தார்.

● 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் மெக்சிகோ பீச் என்ற கடற்கரை ஊரைத் துடைத்துப் போட்டபோது, கடலோரத்தில் ஒரு வீடு ஏறக்குறைய முழுசாக நின்ற படம் உலகமெங்கும் வந்தது. உயரமான தூண்கள்மேல், மணிக்கு 250 மைல் காற்றைத் தாங்கும்படி, விதி கேட்டதற்கும் மேலே போய்க் கட்டிய வீடு அது.

● கூரையைப் புதிதாக மாற்றியவர்கள் கவனிக்க: 2002-க்கு முந்தைய விதிப்படி கட்டிய தனி வீட்டில் கூரை மாற்றும்போது, பலகைகளை மீண்டும் ஆணியடித்து இரண்டாவது நீர்த்தடுப்பும் போட வேண்டும் என்று 2007-லிருந்து ஃப்ளோரிடா கேட்கிறது. வீடு பலமாகியிருக்கும், இன்ஷூரன்ஸ் கோப்பில் பழைய படிவமே கிடக்கும். அப்படியானால், அடித்த ஆணிக்குரிய தள்ளுபடியை வாங்காமலே பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். நீர்த்தடுப்புத் தாளை ஒட்டும்போதே புகைப்படம் எடுத்து வையுங்கள். ஓடு மேலே போட்டபின் அதைப் பார்க்க முடியாது.

● தள்ளுபடி முழு பிரீமியத்துக்கும் கிடையாது. அதில் காற்றுச் சேதத்துக்கான பகுதிக்கு மட்டும். கடலோர வீடுகளில் அந்தப் பகுதிதான் பெரும்பங்கு என்பதால் மிச்சமாகும் தொகையும் சிறிதல்ல. பரிசோதனைக் கட்டணமோ பொதுவாக நூறு டாலரை ஒட்டித்தான் வரும். வெள்ளச் சேதம் இந்த பாலிசியில் வராது. தனியாக எடுக்க வேண்டும். மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு பெரும்பாலும் 30 நாள் கழித்தே உயிர்பெறும். புயல் எச்சரிக்கை வந்தபின் ஓடினால் பலிக்காது.

● ‘மை சேஃப் ஃப்ளோரிடா ஹோம்’ என்ற அரசுத் திட்டத்தில் பரிசோதனை இலவசம். தகுதி உள்ளவர்களுக்கு, அவர்கள் போடும் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலர் வீதம் 10,000 டாலர் வரை மானியமும் உண்டு. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு முன்னுரிமை தருவது மிகச் சரியான முடிவு. புயலுக்குப் பின் மறுபடி எழுந்து நிற்க வழியில்லாதவர்கள் அவர்கள்தான். சட்டமன்றம் நிதி ஒதுக்கினால்தான் திட்டம் ஓடும். திறந்ததும் விண்ணப்பிக்க வேண்டும். அலபாமாவிலும் இதேபோல 10,000 டாலர் வரை கூரை மானியம் உண்டு.

● தெரிந்தே பொய்யாகப் படிவம் நிரப்புவது ஃப்ளோரிடாவில் குற்றம். உரிமம் பெற்ற வீட்டுப் பரிசோதகர், கட்டட ஒப்பந்தக்காரர், பொறியாளர், கட்டடக் கலைஞர் போன்றோர்தான் கையெழுத்திடலாம்.

● ஃப்ளோரிடாவில் மகனோ மகளோ, அண்ணன் தங்கையோ சொந்த வீட்டில் இருந்தால் அடுத்த முறை பேசும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: விண்ட் மிட்டிகேஷன் படிவம் இருக்கிறதா? இருந்தால் எந்த வருடத்தியது? அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள்தான் அது செல்லும். அங்கே சூறாவளிப் பருவம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. பரிசோதகரை அதற்கு முன்பே கூப்பிடச் சொல்லுங்கள்.