கண்ணாடிக்குள் கடல் – 9: அனிமோனுக்கு ஒரு வாய் இறால்

தொட்டிக்குள் அனிமோன் வந்து சேர்ந்த அன்றே வீட்டில் எல்லாரும் கேட்பது, “இதுக்குச் சாப்பாடு என்ன?” என்பதுதான். என் முதல் பதில்: விளக்கு. பாடப் புத்தகம் கடல் சாமந்தி என்று சொல்லும் இந்தப் பிராணியில், கிளௌன் மீன் குடியிருக்கிற வகைகளின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்கின்றன. வெளிச்சத்தை வைத்து அவை தயாரிக்கிற சத்தில் பெரும்பங்கு அனிமோனுக்குப் போகிறது. இறால் அதற்கு மேல்தான். விளக்கில் காசை மிச்சம் பிடித்து இறாலில் ஈடுகட்டப் பார்த்தால், அனிமோன் நிறம் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாசியே இல்லாத வகைகளும் உண்டு. ஸ்காட்லாந்தில் சர் ஜான் டாலியெல் 1828-இல் கடலோரத்தில் எடுத்து வந்த சிவப்பு அனிமோன் அப்படிப்பட்டது. அவர் 1851-இல் காலமான பிறகும் கைமாறி, 1887 வரை சாடியிலேயே உயிரோடிருந்தது. ‘பாட்டி’ என்றே அதற்குப் பெயர்.

நம் பக்கத்துக் கார்ப்பெட் அனிமோனான ஹட்டோனி, மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் மணலில் விரிந்து கிடப்பது. அதில் குடியிருப்பது செபே கிளௌன்: கறுத்த உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்துவிட்டன. ஹட்டோனியைப் பெருக்குவது அவ்வளவு சுலபமில்லை; கடையில் பார்ப்பது அநேகமாகக் கடலிலிருந்து பெயர்த்ததுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கடைக்காரர் மழுப்பினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

சரி, இறாலுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வாங்குவதிலேயே இரண்டை, மஞ்சள்தூள் பிரட்டுவதற்கு முன் ஒதுக்குங்கள். ஓட்டை உரித்து, கழுவி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். வாரம் ஒன்றோ இரண்டோ துண்டு போதும். மோட்டாரை நிறுத்திவிட்டு, நீளமான பிளாஸ்டிக் இடுக்கியால் துண்டை நுனிக் கைகளில் மெல்ல ஒற்றுங்கள். கொட்டும் செல்கள் உடனே பிடித்துக்கொள்ளும். சுற்றியுள்ள கைகள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கும். நடுவில் சுருக்குப்பை போல ஒரு வாய் திறந்து, கால்மணி நேரத்தில் இறால் காணாமல் போகும். கிளௌன் மீன் நடுவில் பறிக்க வந்தால் அதற்கு முதலில் தீனி போட்டுவிடுங்கள். அதன் கழிவிலுள்ள அம்மோனியா பாசிக்கு உரம் என்பதால், மீன் தின்பதிலும் ஒரு பங்கு அனிமோனுக்கே போய்ச் சேரும்.

மறுநாள் பழுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது வெளியே வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே போவதும் வெளியே வருவதும் அதற்கு ஒரே வழிதான். போட்ட துண்டு வெள்ளையாக அப்படியே திரும்பி வந்தால்தான் யோசிக்க வேண்டும்: துண்டு பெரிது, அல்லது அனிமோனுக்கு உடம்பு சரியில்லை. உடனே எடுத்து வெளியே போடுங்கள். மூலையில் ஒரு ராத்திரி கிடந்தால் அழுகி, தொட்டித் தண்ணீர் முழுக்கக் கெடும். குடிப்பதற்கே கேன் போடச் சொல்லும் பொழிச்சலூரில், ஆர்.ஓ. தண்ணீரில் விலை கூடிய உப்பைக் கரைத்து மறுபடி நிரப்புகிறவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கப்பி மீனைப் பையில் வாங்கி வந்து, வேடிக்கைக்காக உயிரோடு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நன்னீர் மீன் அனிமோனுக்குச் சரியான இரையல்ல. நோயும் கூடவே வரலாம். எனக்கு அந்த வேடிக்கையும் பிடிப்பதில்லை.

ஊட்டி முடித்ததும் மோட்டாரை மறுபடி போட மறந்துவிடாதீர்கள். அனிமோன் இடம் மாறி நகரும் பிராணி என்பதால், மோட்டார் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்சு உறை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அடுத்த வாரம் சில்லர்: அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போனால் தொட்டிக்கு என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

(தொடரும்)