இரவில் தாதி, பகலில் மாணவி

திங்கட்கிழமைகளில் எமது கல்லூரியில் இடைவேளை மணி அடிக்கும் வேளையில் எமது கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்து சேரும். "அனுப்பியாச்சு சேர்" என்பதே அதன் முழு வாசகம். குளிர்காலத்தில் மட்டும் அது ஒரு மணி நேரம் பிந்தி வரும். அனுப்புபவள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் வாழும் எமது பழைய மாணவி. அங்கே அப்பொழுது ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு ஆவதற்கு ஒரு நிமிடமே இருக்கும். அதற்குள் அவ்வாரத்துப் பாடவேலை முழுவதும் கணினி வழியாகப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைதல் வேண்டும். பிந்தினாற் புள்ளி குறையும். பள்ளிக் காலத்தில் வீட்டுவேலைக் கொப்பியில் எமது ஒப்பம் விழாவிட்டால் அவளுக்கு நித்திரை வராது. இரு பிள்ளைகளுக்குத் தாயான பின்னரும் அப்பழக்கம் அவளை விடவில்லைப் போலும்.

உயர்தர வகுப்பில் எம்மிடம் உயிரியல் கற்றவள் அவள். மருத்துவ பீடத்திற்கு வேண்டிய புள்ளி கிடைக்கவில்லை. அழுதாள், பின்பு தாதியர் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்து மூன்றாண்டுகள் கற்றாள். திருமணமாகி அமெரிக்கா சென்றதும் அந்நாட்டுத் தாதியருக்குரிய அனுமதிப் பரீட்சையிற் சித்தியடைந்து, சில ஆண்டுகளில் தாதியியற் பட்டமும் பெற்றாள். இப்பொழுது பெரிய வைத்தியசாலையொன்றின் இருதய நோயாளர் வார்ட்டில் வாரத்தில் மூன்று இரவுகள் கடமை. ஒவ்வோர் இரவும் பன்னிரண்டு மணி நேரம். அக்கடமையை விடாமலே 'நேர்ஸ் பிரக்டிஷனர்' என்னும் பதவிக்குரிய முதுமாணிப் படிப்பை இணையவழியாகக் கற்று வருகின்றாள்.

இப்பதவி எம் நாட்டில் இல்லாதபடியால் நேயர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும். நேர்ஸ் பிரக்டிஷனர் என்பவர் டாக்டர் இட்ட கட்டளையை நிறைவேற்றும் தாதி அல்லர். நோயாளரைத் தாமே பரிசோதித்து, நோய் இன்னதென்று துணிந்து, மருந்துச்சீட்டும் எழுதிக் கொடுப்பவர். 1965 ஆம் ஆண்டிலே கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொறெற்றா போர்ட் என்னும் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரும் சேர்ந்து முதன் முதலாக இப்பயிற்சியைத் தொடக்கினர். டாக்டர்கள் எட்டிப் பாராத கிராமங்களிலும் ஏழைகள் வாழும் பகுதிகளிலும் குழந்தைகளைக் கவனிக்க ஆளில்லாத குறையே அதற்குக் காரணம். அன்று டாக்டர்களும் எதிர்த்தனர், தாதியரிற் பலரும் எதிர்த்தனர். இன்று அந்நாட்டில் இப்பதவிக்கு அனுமதி பெற்றோர் மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர். சரிபாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் அவர்கள் எந்த டாக்டரின் மேற்பார்வையுமின்றித் தொழில் நடத்தலாம். டெக்சாஸில் மருந்து எழுதுவதற்கு ஒரு டாக்டருடன் உடன்படிக்கை வேண்டும்; எல்லையைத் தாண்டி நியூ மெக்சிக்கோவுக்குச் சென்றால் வேண்டியதில்லை. லொறெற்றா போர்ட் அம்மையார் தாம் நட்ட விதை இவ்வளவு பெரிதாக வளர்ந்ததைக் கண்டு, 2025 இல் தமது 104 ஆவது வயதிற் காலமானார்.

வீட்டிலிருந்தே கற்றல் எமக்குப் புதிதன்று. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை இந்நாட்டில் இருந்தவாறே பட்டம் பெற விரும்பியோர் லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கே தோற்றினர். பகலிற் படிப்பித்து, இரவில் விளக்கடியில் இருந்து இலத்தீன் பாடமாக்கிய ஆசிரியர்களைப் பற்றி எம் முதியோர் கதை கதையாகச் சொல்வர். நாமும் கல்வி டிப்ளோமாவை வார இறுதி வகுப்புகளிலேயே பெற்றோம். எனினும் இலத்தீனைப் பிழையாக எழுதினால் எவரும் இறப்பதில்லை. இவளுடைய படிப்பில் நூலறிவு ஒரு பாதி. மறு பாதி நோயாளியின் நெஞ்சின் மீது வைக்கும் கையில் இருக்கின்றது. 'இணையவழி' என்னும் சொல் அந்த மறு பாதியை மறைத்துவிடுகின்றது. கெண்டக்கி மலைநாட்டிலே 1925 இல் மேரி பிறெக்கின்றிட்ஜ் அம்மையார் நிறுவிய தாதியர் சேவையிலிருந்து வளர்ந்த கல்லூரி, 1989 இல் மருத்துவத் தாதிகளுக்குத் தொலைக்கல்வியைத் தொடக்கிய பொழுது அதன் நோக்கம் தெளிவாக இருந்தது: மாணவி தன் ஊரை விட்டு வராமல் அங்கேயே கற்று அங்கேயே தொழில் செய்தல் வேண்டும். பாடத்தைத் தபாலில் அனுப்பலாம், கணினியில் அனுப்பலாம். நோயாளியை அனுப்ப முடியாதல்லவா!

இனி அவளுடைய வாரத்தைப் பார்ப்போம். விரிவுரைகள் கணினியில் உள்ளன. விரும்பிய நேரத்திற் கேட்கலாம். புதன்கிழமைக்குள் ஒரு வினாவுக்கு விடை எழுதுதல் வேண்டும். ஞாயிறுக்குள் உடன் மாணவர் இருவரின் விடைகளுக்கு மறுமொழி எழுதுதல் வேண்டும். நோயியல் நூல் ஒன்றே ஆயிரத்தைந்நூறு பக்கங்களுக்கு மேல். உடற் பரிசோதனைப் பாடத்திற்குத் தலை முதற் கால் வரை ஒருவரைப் பரிசோதித்து ஒளிப்பதிவு செய்து அனுப்புதல் வேண்டும். நோயாளியாக அமர்ந்தவர் கணவர். ஒளிப்பதிவாளர் மூத்த மகன். முழங்காலிற் சுத்தியலாற் தட்டிய பொழுது கணவருக்குச் சிரிப்பு வந்துவிட, முழுவதையும் மீண்டும் எடுக்க நேர்ந்ததாம்.

பரீட்சை வேடிக்கையன்று. கணினியின் கண்ணுக்கு அறை முழுவதையும் சுற்றிக் காட்டி, மேசையில் எதுவுமில்லை என்று நிரூபித்த பின்னரே வினாத்தாள் திறக்கும். ஒரு முறை சின்னவள் பால் கேட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். 'அறையில் வேறொருவர்' என்று பதிவாகி, மூன்று வயதுக் குழந்தையிடம் விடை கேட்கவில்லை என்று அவள் எழுத்தில் விளக்கம் கொடுக்கவேண்டியதாயிற்று. இருபதாண்டுகளுக்கு மேலாகப் பரீட்சை மண்டபங்களிற் காவல் நின்று வரும் எமக்கே இது சற்று மிகையாகத் தோன்றியது.

முதல் தவணையில் அவள் மூன்று பாடங்களை ஒருங்கே எடுத்தாள். மூன்று இரவுக் கடமை, மூன்று பாடம், இரண்டு பிள்ளைகள். காலை ஏழரைக்குக் கடமை முடியும், எட்டரைக்கு வீடு, பிள்ளைகளை அனுப்பிவிட்டு நூலைத் திறந்தால் நண்பகல் ஆகும், மூன்று மணி நேர நித்திரை, மீண்டும் மாலையிற் கடமை. நோயியலின் முதற் பரீட்சையில் 71 புள்ளி. எம் நாட்டில் 71 என்றால் இனிப்புக் கொடுப்போம். அவளுடைய கல்லூரியில் எண்பதுக்குக் கீழ் இறங்கினால் அப்பாடத்தை மீண்டும் கற்றல் வேண்டும். இரண்டு தடவை அவ்வாறு நேர்ந்தால் வெளியேற வேண்டியதுதான். அன்றுதான் எம்மை அழைத்தாள். "சேர், நான் தோத்துப் போனனோ?" என்று கேட்டாள்.

நாம் என்ன சொன்னோம்? ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்வதையே சொன்னோம். "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு பிள்ளை, எல்லாம் முடிஞ்சிடும்."

இரண்டு வாரங்களின் பின்னர் அவள் மீண்டும் அழைத்தாள். இம்முறை குரலில் அழுகை இல்லை. கடமை முடிந்து பெருவீதியிற் கார் ஓட்டி வரும்பொழுது கண் மூடிவிட்டது. அந்நாட்டுப் பெருவீதிகளின் ஓரத்திலே, தூங்கும் சாரதியை எழுப்புவதற்கென்றே வரிசையாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பர். சக்கரம் அவற்றில் ஏறிக் கடகடவென்று அதிர்ந்ததால் விழித்தாள். அடுத்த ஒழுங்கையில் ஒரு லொறி. அதைச் சொல்லிவிட்டு, "பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் ஓடினனான் சேர்" என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆயினும் எமக்குக் குத்தியது. பல ஆண்டுகளாக எத்தனை மாணவருக்கு அதே வார்த்தையைச் சொல்லியிருப்போம்! அவர்கள் எந்த நேரத்தில் நித்திரை கொள்கின்றார்கள் என்று ஒருவரிடமாவது கேட்டோமா?

'வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமே' என்று நேயர்கள் கேட்கக்கூடும். நாமும் கேட்டோம். அந்நாட்டில் உழைப்போரின் குடும்பங்களுக்கு வைத்தியக் காப்புறுதி பெரும்பாலும் தொழில் கொடுப்போர் வழியாகவே கிடைக்கின்றது. அதன் பொருட்டு முழுநேர ஊழியராகச் சட்டம் கொள்வது வாரத்தில் முப்பது மணி நேரமாவது வேலை செய்பவரை. மூன்று இரவு என்றால் முப்பத்தாறு மணி. இரண்டு இரவு என்றால் இருபத்துநான்கு. கணவர் பணிபுரியும் சிறு கடையிற் காப்புறுதி இல்லை. ஆகவே அவள் ஓர் இரவைக் குறைத்தால் நான்கு பேரின் வைத்தியத்துக்குமான வழி அடைபட்டுவிடும். அன்றியும், தொழில் கொடுப்போர் ஊழியரின் படிப்புக்கு ஆண்டுதோறும் 5,250 டொலர் வரை வரியின்றி வழங்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். அவளுடைய வைத்தியசாலை அதனை வழங்குகின்றது. படிப்பு முடிந்து இரண்டாண்டுக்குள் விலகினாற் திருப்பிக் கட்டுதல் வேண்டும். அத்தொகை முழுச் செலவுக்கும் போதாது. இல்லாவிட்டாலோ படிப்பே இல்லை.

வேலையைக் குறைக்க முடியாது. நித்திரையைக் குறைத்தால் உயிர் தங்காது. குறைக்கக்கூடியது ஒன்றே: படிப்பின் வேகம். இரண்டு பாடங்களிலிருந்து விலகி, நோயியலை மட்டும் வைத்துக்கொண்டாள். இரண்டரை ஆண்டிற் முடியவேண்டிய படிப்பு நான்காண்டாக நீண்டது. உடன் சேர்ந்தவர்கள் முன்னே சென்றுவிட்டனர். பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாதியொருத்தி மட்டும் தானும் அவ்வாறே ஒரு பாடமாகக் குறைத்துக்கொண்டாள். இருவரும் கடமைக்குக் காரில் வரும்பொழுது தொலைபேசியில் ஒருவரையொருவர் வினாக் கேட்பார்களாம். அத்தவணை நோயியலில் அவள் பெற்றது 86.

வீடும் மாறிற்று. குளிர்ப்பெட்டியின் கதவில் நான்கு மாதத்து நாட்காட்டி. சிவப்பு நாள் இரவுக் கடமை, நீலம் பாடவேலை, பச்சை அம்மா நித்திரை. பச்சை நாளில் வீட்டில் உரத்துப் பேசுவதில்லை. இங்கிருந்து சென்ற மாமியார் ஆறு மாதம் அங்கே தங்கிச் சமையலைப் பொறுப்பேற்றார். மருமகள் பகலில் உறங்குவதைக் கண்டு முதல் வாரம் முகம் சுளித்தவர், மூன்றாம் வாரம் வாசல் மணியின் கம்பியைக் கழற்றி வைத்தாராம். கணவர் பிட்டவிக்கப் பழகினார். படிக்கும் ஆண்மகனுக்கு மனைவி தேநீர் கொண்டு வந்து வைப்பதை எம் வீடுகளில் எவரும் உதவி என்று எண்ணுவதில்லை. படிக்கும் பெண்ணுக்குக் கணவர் பிட்டவித்தால் அது ஊர்க்கதை ஆகின்றது. இதனை நாம் எழுதும் பொழுது எமது இல்லத்தரசி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

நூற்பாடங்கள் முடிந்ததும் பயிற்சி மணிகள் வந்தன. நெடுங்காலமாகக் குறைந்த அளவு 500 மணி என்றிருந்தது. 2022 இல் வெளியான தேசியத் தராதரங்கள் அதனை 750 ஆக்கின. வாரம் இரண்டு பகல், பதினாறு மணி என்று கொண்டாலும் நாற்பத்தேழு வாரம். அம்மணிகளுக்குச் சம்பளமில்லை. அதிலும் பெரிய இடர் ஒன்றுண்டு. தம் கிளினிக்கில் மாணவியை அருகில் வைத்துப் பழக்கும் ஒருவர் வேண்டும். பிரிசெப்டர் என்பர், பயிற்றாசான் என்று நாம் சொல்லலாம். இணையவழிக் கல்லூரிகள் பலவற்றில் அவரை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். கட்டணம் முழுவதையும் பெற்றுக்கொண்டு, 'குருவை நீயே தேடிக்கொள்' என்பது எந்த நீதி என்று எமக்கு விளங்கவில்லை. அவள் நாற்பதுக்கு மேற்பட்ட கிளினிக்குகளுக்கு எழுதினாள். பெரும்பாலானவை மறுமொழியே அனுப்பவில்லை. பணம் பெற்றுக்கொண்டு பயிற்றாசானைத் தேடித்தரும் தரகு நிறுவனங்களும் அங்கே முளைத்துள்ளன. ஈற்றில் வார்ட்டில் உடன் பணிபுரிந்த ஒரு தாதியின் சிபாரிசினால், முப்பதாண்டு அனுபவமுள்ள ஒரு நேர்ஸ் பிரக்டிஷனர் அவளை ஏற்றுக்கொண்டார். ஒரு வருடத்துக்கு முன்னரே தேடத் தொடங்கியதாற் தப்பினாள். படிப்பு முடிந்தும் பயிற்றாசான் கிடையாமல் ஒரு தவணை காத்திருந்தோரும் உளர் என்கின்றாள்.

அக்கிளினிக்கில் நடந்ததொன்றைக் கூறல் வேண்டும். முதியவர் ஒருவர், ஓய்வு பெற்ற லொறிச் சாரதி, இரண்டு மாதமாக வறட்டு இருமல் என்று வந்தார். பாணி மருந்து குடித்தாயிற்று, கிருமிக்கொல்லிக் குளிசை இரண்டு முறை எடுத்தாயிற்று. நெஞ்சு சுத்தம், காய்ச்சல் இல்லை. அவள் அவருடைய குளிசைப் போத்தல்களை மேசையில் வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரத்த அழுத்தத்திற்காக மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய லிசினோபிரில். அவ்வகை மருந்து சிலரின் உடலிற் பிரடிகைனின் என்னும் பொருளைத் தேங்கச் செய்து வறட்டு இருமலை உண்டாக்கும் என்பது, அவள் 71 புள்ளி பெற்ற அதே நோயியற் பாடத்தில், இரண்டாம் முறை ஆறுதலாக வாசித்த பொழுது மனத்திற் பதிந்த செய்தி. பயிற்றாசானிடம் சொன்னாள். அவர் தலையசைத்து, மருந்தை லொசார்ட்டனுக்கு மாற்றினார். நான்கு வாரத்தின் பின்னர் முதியவர் இருமலின்றி வந்து, மகளைக் கேட்பது போல அவளைப் பெயர் சொல்லிக் கேட்டாராம்.

"முதல் தவணை மாதிரி ஓடியிருந்தால் எனக்கு அது ஞாபகம் வந்திராது சேர்" என்றாள். "நானும் பாணி மருந்துதான் எழுதிவிட்டிருப்பன்."

கடந்த திங்கட்கிழமை செய்தியில் ஓர் எண் கூடியிருந்தது: "அனுப்பியாச்சு சேர். இன்னும் 160." குழந்தை வைத்தியப் பகுதி மட்டுமே எஞ்சியுள்ளது, அதற்குப் பயிற்றாசான் இன்னும் அகப்படவில்லை. அடுத்த கிழமை இரண்டு கிளினிக்குகளுக்கு நேரிற் போய்க் கேட்கப் போகின்றாளாம். "இப்ப என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டோம். "பச்சை நாள் சேர், படுக்கப் போறன்" என்று மறுமொழி வந்தது. இடைவேளை முடிந்து மணி அடித்தது; நாம் கொப்பிக் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனோம்.