அப்பாவின் பழைய வேட்டியும் யானைப் படம் போட்ட நாப்பியும்

தங்கைக்கு இரண்டாவது பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் கூடத்தில் இரண்டு குவியல்கள் கிடந்தன. ஒன்று, ஆன்லைனில் அவள் வரவழைத்திருந்த துணி நாப்பிகள். மொத்தம் ஆறு, யானையும் மயிலும் அச்சிட்டவை, முன்பக்கம் வரிசையாகப் பட்டன் வைத்தவை. மற்றது, பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து அம்மா எடுத்துப் போட்ட அப்பாவின் பழைய வேட்டிகள்.

“இந்தக் காலத்துல யாரும்மா வேட்டியக் கிழிச்சுக் கட்டுறாங்க?” என்றாள் தங்கை.

“உனக்கு அதத்தான்டி கட்டுனேன். நல்லாத்தான இருக்க?” என்றாள் அம்மா.

இரண்டு வயது மூத்தவன் யானை நாப்பி ஒன்றைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். வீட்டில் வேதியியல் படித்தவன் நான் ஒருவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

வாயால் சொன்னால் எடுபடாது என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். பனீர் வடிகட்ட வாங்கி இன்னும் நனைக்காமல் கிடந்த காடாத் துணி சமையலறையில் இருந்தது. வெளுக்காத, பழுப்பு நிறப் பருத்தி. அதன் மேல் ஒரு சொட்டு விட்டேன். முத்துப்போல அப்படியே நின்றது. வேட்டியின் மேல் ஒரு சொட்டு. விழுந்த நொடியில் காணோம். நாணயம் அளவுக்கு ஈரம்தான் தெரிந்தது.

இரண்டும் பருத்திதான். பருத்தி இழை கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ். தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹைட்ராக்ஸில் குழுக்கள் அதன் மூலக்கூறு நெடுக உண்டு. ஆனால் செடியில் விளையும்போதே ஒவ்வொரு இழையின் மேலும் மெல்லிய மெழுகுப் பூச்சு ஏறிவிடுகிறது. போதாததற்கு, தறியில் பாவு நூல் அறுந்துபோகாமலிருக்கக் கஞ்சி வேறு போடுகிறார்கள். வெளுக்கும்போது இவற்றில் பெரும்பகுதி போய்விடும். மிச்சம் மீதி, கடைசியில் ஏற்றும் மெருகு எல்லாம் நம் வீட்டுத் துவைகல்லில்தான் கரையும். வருஷக்கணக்கில் துவைத்த வேட்டியில் தண்ணீருக்கும் செல்லுலோஸுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. புதிதாக வாங்கிய பருத்தி நாப்பியை அன்றே கட்டினால் ஒழுகுவதும் இதனால்தான். நாலைந்து தடவை வெந்நீரில் துவைத்துக் காயப்போட்ட பிறகே அது வேலைக்கு ஆகும். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்று பாட்டிமார்கள் சொன்ன காரணம் வேறாக இருக்கலாம். பலன் இதுதான்.

வேட்டியின் இன்னொரு சாமர்த்தியம் மடிப்பில் இருக்கிறது. சதுரத் துண்டை நாலாக மடித்து, முக்கோணமாக்கிக் கட்டும்போது குழந்தைக்குக் கீழே எட்டு அடுக்கு. அவிழ்த்து அலசும்போது ஒரே அடுக்கு. சோப்பு எல்லா இடத்துக்கும் போகும், அழுக்கு தங்க மூலை இல்லை, சித்திரை வெயிலில் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். யானை நாப்பிக்குள் செருகும் ‘இன்ஸர்ட்’ பட்டையோ அடுக்கடுக்காகத் தைத்தே வருகிறது. ஐப்பசி அடைமழையில் அது காய்வதற்கு இரண்டு நாள் ஆனாலும் ஆகும்.

பச்சைக் குழந்தைக்கு வேண்டியது வேட்டியின் இந்த வேகம். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும். ஒரு தடவை போவது சில கரண்டி அளவுதான். ஆறு நாப்பி அரை நாளைக்குத்தான் காணும். அது போக, ‘எல்லா வயதுக்கும் ஒரே சைஸ்’ என்று விற்பதை எவ்வளவு பட்டன் போட்டு இறுக்கினாலும், இரண்டரை மூன்று கிலோப் பிள்ளையின் குச்சித் தொடையைச் சுற்றி இடைவெளி விழும். ஒழுகுவது அந்த வழியாகத்தான். தொப்புள்கொடி விழ ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை துணி கொடிக்குக் கீழேயே நிற்க வேண்டும். வேட்டித் துணியை மடக்கிவிடலாம்; பட்டன் நாப்பி பெரும்பாலும் அதற்கு வளைந்து கொடுக்காது.

வெள்ளைத் துணி ஒரு லேப் ரிப்போர்ட்டும்கூட. முதல் இரண்டு மூன்று நாளில் செங்கல் பொடி போன்ற இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் ரத்தம் என்று பதற வேண்டாம். சிறுநீரிலுள்ள யூரேட் படிகங்கள் அவை. ஐந்தாம் நாளுக்குப் பிறகும் வந்தால் பால் போதாமல் இருக்கலாம்; மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நன்றாக நனைந்தால் பால் போதுமான அளவு போகிறது என்று நிம்மதியாக இருக்கலாம். மலம் முதலில் தார் போலக் கறுப்பு, பிறகு பச்சை, பிறகு மஞ்சள். சுண்ணாம்புபோல வெளிறிப் போனால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனை: பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், அதற்கான அறுவை சிகிச்சையை முதல் இரண்டு மாதத்துக்குள் செய்வதே நல்லது. தைவானில் 2004 முதல் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க வண்ண அட்டையே கொடுக்கிறார்கள்.

அந்த மஞ்சள் நிறத்துக்கு ஒரு கதை உண்டு. பெரியவர்களின் குடலில் பாக்டீரியாக்கள் பிலிருபினைப் பழுப்பு நிறப் பொருளாக மாற்றிவிடும். பிறந்த குழந்தையின் குடலில் அவை இன்னும் குடியேறவில்லை. ஆகவே பிலிருபின் பெருமளவு மஞ்சளாகவே வெளியேறுகிறது. எந்த சோப்புக்கும் மசியாத அந்தக் கறை, ஈரத் துணியை வெயிலில் விரித்தால் சாயங்காலத்துக்குள் மங்கிவிடும். ஒளி பிலிருபினைச் சிதைக்கிறது.

1956-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாவட்டம் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர் இதையே குழந்தையின் தோலில் பார்த்தார். குறைமாதக் குழந்தைகளை வெயில் படும் முற்றத்துக்குத் தூக்கிவருவது அவர் வழக்கம். மஞ்சள் காமாலை இருந்த ஒரு குழந்தையின் உடல் வெளுத்திருக்க, போர்வையின் முனை மூடியிருந்த இடத்தில் மட்டும் ஒரு மஞ்சள் முக்கோணம் அப்படியே நின்றது. இன்று பிரசவ வார்டுகளில் நீல விளக்கின் கீழ் குழந்தைகளைப் படுக்கவைக்கும் சிகிச்சை அந்த முக்கோணத்திலிருந்து பிறந்ததுதான். (அதற்காகக் காமாலைப் பிள்ளையை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போகாதீர்கள். வெயில் துணிக்கு, குழந்தைக்கு டாக்டர்.)

மூத்தவன் கதை வேறு. அவன் அடிக்கடி போவதில்லை. போனால் ஒரே மூச்சில். இரண்டு வயதில் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 100 மி.லி. கொள்ளும், அதாவது அரை டம்ளர். அது சில நொடிகளில் கொட்டும். கொட்டியதும் அவன் தொப்பென்று உட்காருவான். வேட்டி இங்கே தோற்றுப்போகும். முடிச்சு அவிழும் என்பது வேறு விஷயம்.

இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவே இன்ஸர்ட்டில் மைக்ரோஃபைபர் வைக்கிறார்கள். முடியைவிட மெல்லிய பாலியஸ்டர் இழைகள். அவற்றுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகள் தண்ணீரைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். ஆனால் பாலியஸ்டர் இழை தனக்குள் தண்ணீரை வாங்குவதில்லை. ஸ்பாஞ்சைப் போலச் சந்தில்தான் நிற்கிறது. பிள்ளை உட்கார்ந்தால் பிழிந்து வெளியே வந்துவிடும். பருத்தி மெதுவாக வாங்கும்; வாங்கியதில் ஒரு பங்கை இழைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஆகவே மேலே மைக்ரோஃபைபர், அடியில் பருத்தி என்று இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். இரவுக்கு அடியில் இன்னொரு பருத்திப் பட்டை. மைக்ரோஃபைபர் நேராகத் தோலில் படக் கூடாது. தோலின் ஈரத்தையும் இழுத்து வறட்டிவிடும். ‘மூங்கில்’ என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து வேதிமுறையில் எடுத்த விஸ்கோஸ். நன்றாக உறிஞ்சும், தொட்டால் பட்டு மாதிரி இருக்கும். ஆனால் நனைந்தால் வலு குறையும். பருத்தி நனைந்தால் வலு கூடும். எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

வெளியுறையில் யானை இருக்கும் துணியின் உட்புறம் தடவினால் வழவழப்பாக இருக்கும். அது பாலியூரித்தேன் படலம். திரவத்தைத் தடுத்து ஆவியைக் கொஞ்சம் வெளியே விடும். அமெரிக்காவில் மரியன் டோனவன் 1940-களில் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து நீர்புகா உறை செய்தார். 1951-ல் காப்புரிமை வாங்கினார். நம் வீட்டு ரப்பர் ஷீட்டைவிட இன்றைய படலம் எவ்வளவோ மேல். ஆனால் கொதிக்கும் தண்ணீரும் நாளெல்லாம் உச்சி வெயிலும் அதற்கு ஆகாது. வேட்டியை வெயிலிலும் உறையை நிழலிலும் போடுங்கள்.

துணி கட்டினால் புண்ணே வராது, டயப்பர் போட்டால்தான் வரும் என்று பலரும் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டயப்பரிலுள்ள சோடியம் பாலிஅக்ரிலேட் ஈரத்தைக் கூழாக்கிப் பூட்டிவிடும். பிள்ளையின் தோல் நனைந்த துணியில் இருப்பதைவிட அதில் உலர்வாகவே இருக்கும். புண் வரும் வழி இது: ஈரத்தில் ஊறிய தோல் உரசலில் தேய்கிறது, மலத்திலுள்ள பாக்டீரியாவின் யூரியேஸ் நொதி சிறுநீரிலுள்ள யூரியாவை அமோனியாவாக்குகிறது, காரத்தன்மை ஏறியதும் மலத்திலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள் தோலைத் தின்ன ஆரம்பிக்கின்றன. சிறுநீரும் மலமும் சேர்ந்து நிற்கும் நேரம்தான் குற்றவாளி. துணி கட்டுகிறவர்கள் நனைந்தவுடன் மாற்ற வேண்டும். அதற்கு ஆள் இல்லாத வீட்டில், ராத்திரிக்கு மட்டும் ஒரு டயப்பர் போடுவதில் பாவம் ஒன்றுமில்லை.

துவைப்பதில் நடக்கும் தவறுகள் மூன்று. மலக்கறையை எடுத்தவுடன் வெந்நீரில் போடுவது முதல் தவறு, புரதம் இறுகிவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சூடான தண்ணீருக்குப் போங்கள். இரண்டாவது, வாசனைக்காக ஊற்றும் மென்மையாக்கி. அது இழையின் மேல் கொழுப்புச் சங்கிலிகளைப் படியவைக்கிறது. காடாத் துணியில் நின்ற சொட்டு வேட்டியிலும் நிற்கத் தொடங்கும். மூன்றாவது, போர்வெல் உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு. தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து அது வெள்ளைப் படிவாகத் துணியில் தங்கும், நாள்பட நாறும். அங்கே டிடர்ஜென்ட் தூள்தான் நல்லது. நுரை போகும்வரை அலச வேண்டும்.

சுற்றுச்சூழல் கணக்கும் துவைப்பதில்தான் இருக்கிறது. இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒரு குழந்தை இரண்டரை வருஷம் டயப்பர் போட்டால் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமான வாயு வெளியாகும். துணியின் சராசரி 570 கிலோ. துணி தோற்றது எப்படி? துவைப்பதற்கும் டிரையருக்கும் ஆகும் மின்சாரம்! மெஷின் நிறையத் துவைத்து, வெளியில் கொடியில் காயவைத்து, அதையே இரண்டாவது பிள்ளைக்கும் கட்டினால் துணியின் கணக்கு 40 சதவீதம் இறங்கிவிடுகிறது. நம் ஊரில் கொடியைக் கண்டுபிடிக்க யாரும் அறிக்கை எழுத வேண்டியதில்லை.

ஆக, என் தீர்ப்பு: சின்னவளுக்கு வேட்டித் துண்டு இருபத்துநாலு, மேலே போட அளவான சிறிய உறை நாலு. மூத்தவனுக்கு யானை நாப்பி ஆறு, இன்னும் இரண்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு தரப்பும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் தீர்ப்பு சரி என்று தெரிந்தது.

அப்போதுதான் வேட்டியை மூக்கருகே கொண்டுபோனேன். அந்துருண்டை வாடை.

“பெட்டியில போட்டு வெச்சிருந்தேன்டா, பூச்சி அரிக்கக் கூடாதுன்னு” என்றாள் அம்மா.

அந்துருண்டைகளில் பல நாஃப்தலீன். சிலருக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும், ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம், பார்த்தால் தெரியாது. அத்தகைய குழந்தையின் உடம்பில் நாஃப்தலீன் ஏறினால் சிவப்பணுக்கள் உடைந்து பிலிருபின் மளமளவென்று ஏறும், மூளை வரை பாதிக்கலாம். மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். எண்ணெய் தேய்த்த தோலில் இன்னும் சுலபம். மூத்த பிள்ளையின் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே இளையதற்குப் போட்டதால் உயிர்போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

அம்மா ஒன்றும் பேசாமல் எல்லா வேட்டியையும் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனாள். மூன்று நாள் வெயில், இரண்டு துவைப்பு, வாடை துளியும் இல்லை என்று உறுதியான பிறகே அவை கீழே வந்தன. அதுவரை கடையில் வாங்கிய மல் துணியை நாலு தடவை துவைத்துக் கட்டினோம். உங்கள் வீட்டிலும் பிள்ளைத் துணி பெட்டியில் இருந்தால், இன்றே திறந்து உருண்டைகளை எடுத்து வெளியே போடுங்கள். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை போதும்.