பழைய வீட்டிலே புதிய வாழ்க்கை
புதுச்சேரி வீதிகள் காட்டும் வழி

தாத்தா காலத்து வீடு. தெருவைப் பார்த்த திண்ணை, நடுவிலே முற்றம், பின்னாலே கிணறு. பேரனுக்கோ படுக்கை அறையை ஒட்டிக் குளியலறை வேண்டும், குளிர்சாதனம் வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும். என்ன செய்வது?

"இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டு" என்பார்கள் பலர். இடிக்காமலே இந்த வசதிகளைச் செய்துகொள்ள முடியாதா? பெரும்பாலும் முடியும். புதுச்சேரியிலே செய்து காட்டியிருக்கிறார்கள்.

கீழே தமிழ், மேலே பிரெஞ்சு

1761-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு ஊர் மீண்டும் எழுந்தது. நடுவே ஓடும் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீடுகள். மேற்கே தமிழர் வீடுகள்.

தமிழர் வீட்டின் முகப்பிலே திண்ணை. அதற்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பான தாழ்வாரம். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்குவதற்காகவே அது கட்டப்பட்டது. வசதி பெருகியபோது மாடி எழுப்பினார்கள். மாடியிலே பிரெஞ்சு வளைவுச் சன்னல்களும் கைப்பிடிச் சுவரும் வந்து சேர்ந்தன. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு! இப்படிப்பட்ட வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு வைசியாள் வீதி.

2002 முதல் 2004 வரை இந்த வீதியின் முகப்புகள் செப்பனிடப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் பண உதவி செய்தது. மரபுச் செல்வங்களைக் காக்கும் 'இன்டாக்' நிறுவனம் வேலையை நடத்தியது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இவ்வீதிக்கும் இடம் கிடைத்தது.

முதல் எதிரி தண்ணீர்

பழைய வீட்டைக் கெடுப்பது வயது அல்ல, தண்ணீர்தான். கடற்கரையிலே இருந்த பழைய நகர மண்டபமான 'மேரி' கட்டடம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழுதடைந்து நின்ற அது, 2014 நவம்பரில் பெய்த கனமழையில் இடிந்து விழுந்தது. பழைய உருவத்திலேயே மீண்டும் கட்டி, 2021-இல் திறந்தார்கள். உருவம் திரும்பியது; பழைய சுவர் திரும்பவில்லை.

ஆகவே வர்ணம் பூசுவதற்கு முன்னால் கூரையைப் பாருங்கள். தேக்குக் கட்டைகளை அடுக்கி, மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மேலே சுண்ணாம்புக் காரை போட்டு அடித்த தளத்தைக் கொத்தனார்கள் 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள். அதில் பெரும்பாலும் முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனை. ஈரமும் செல்லும் அங்கேதான் சேரும். முனை மட்டும் கெட்டிருந்தால் அதை அறுத்தெடுத்துப் புதுத் தேக்கை ஒட்டவைக்கலாம். கட்டை முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை.

சிமெண்டு வேண்டாம்

சுவரிலே ஓதம் கண்டால் சிமெண்டு பூசுகிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சினாலும் காற்றிலே வெளியே விட்டுவிடும். சிமெண்டோ ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பிறகு உப்புப் பூத்து, பூச்சு உரிந்து, பழைய செங்கல்லே பொரிந்து உதிரும். சுண்ணாம்பால் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. வேலை மெதுவாக நடக்கும். கைதேர்ந்த கொத்தனாரும் வேண்டும். ஆனால் அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி பூச வேண்டியிராது.

குளியலறை எங்கே?

பழைய மரத்தளத்தின்மேல் குளியலறை கட்டினால், கசியும் நீர் கட்டைகளை அரித்துவிடும். கொல்லைப்புறத்திலே தனி அஸ்திவாரம் போட்டு, கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே மாடிக் குளியலறை வருமாறு கட்டுவது நல்லது. குழாய்கள் ஒரே இடத்தில் இறங்கும். பழுது பார்ப்பதும் சுலபம்.

மின்சாரக் கம்பிக்காகச் சுவரைக் குடைய வேண்டாம். சுவரின்மேல் குழாய் பதித்து, உத்தரத்தை ஒட்டிக் கொண்டுபோகலாம். குளிர்சாதனம் கதவடைக்கும் படுக்கை அறைக்குப் போதும். அதன் வெளிப்பெட்டி தெரு முகப்பில் தொங்க வேண்டாம்.

முற்றத்தை மூடாதீர்கள்

சூடான காற்று மேலே எழும். அது வெளியேறும் வாசல் முற்றம். கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் பகலிலும் விளக்கு, எந்நேரமும் மின்விசிறி! திருட்டுக்குப் பயந்தால் இரும்புக் கம்பி வலை போடலாம். மழைக்குப் பயந்தால் பக்கவாட்டில் காற்று போக இடம் விட்டு, உயர்த்திக் கண்ணாடிக் கூரை வைக்கலாம். முற்றத்தில் விழும் மழைநீரைக் கிணற்றுப் பக்கம் திருப்பிவிட்டால் இரட்டை லாபம்.

காருக்காகத் திண்ணையை உடைக்கிறவர்களும் உண்டு. வண்டிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். உடைத்த திண்ணைக்கு மாற்று ஏது? வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால், ஒருவர் இடித்து ஆழமாகத் தோண்டினால் அடுத்த வீட்டுச் சுவரும் விரிசல் காணக்கூடும்.

பாகப் பிரிவினை

பழைய வீடு பல இடங்களில் விழுவது மழையாலல்ல, பாகத்தால். நான்கு பேர் பங்கு கேட்டால் 'விற்றுவிடலாம்' என்ற பேச்சு எழுகிறது, வாங்குகிறவர் இடிக்கிறார். முன்கட்டு ஒருவருக்கு, பின்கட்டு ஒருவருக்கு, மாடி ஒருவருக்கு என்று பிரித்து, முற்றத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டால் வீடும் பிழைக்கும், உறவும் பிழைக்கும். முன்கட்டை வாடகைக்கு விட்டால் பழுது பார்க்கும் செலவுக்கும் ஆகும்.

எல்லா வீட்டையும் அரசாங்கம் வாங்கிக் காட்சிசாலை ஆக்க முடியாது. குடும்பம் வசதியாகக் குடியிருந்தால்தான் வீடு நிற்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஓடு நகர்ந்தால் யார் பார்ப்பார்கள்? அடுப்பெரியும் வீட்டிலே முதல் சொட்டு ஒழுகும்போதே அம்மா பாத்திரம் வைப்பாள்; அப்பா கொத்தனாரைக் கூப்பிடுவார்!